இரட்டை அன்னம் இருக்கும் இடம்

வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பார்க்கக் கூடாத உத்தியோகம் ஒன்று உண்டென்றால், அது நான் பார்த்ததுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் டிசைன் அறைக்கு நான் கிளார்க். ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பூட்டைத் திறந்து, தேட ஆரம்பிப்பேன். சாயங்காலம் தேடுவதை நிறுத்திவிட்டு, பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டில் கத்தரிக்கோலையும் ரேஷன் கார்டையும் மூக்குக்கண்ணாடியையும் தேடித் தேடி ஓய்ந்துபோன வாசகர்களே, நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவைக் கரையில் அன்னமோ மாங்காயோ வர வேண்டுமென்றால், முதலில் கட்டம் போட்ட தாளில் படம் வரைவார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மாஸ்டர் அட்டைகளில் துளை குத்துவார். படத்தில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை தூக்க வேண்டும், எது தூக்கக் கூடாது என்பதை அந்தத் துளைகள் பார்த்துக்கொள்ளும். படங்கள் முந்நூற்றுச் சொச்சம். அத்தனையும் என் பொறுப்பு.

நான் வேலைக்கு வந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலாசம் கொடுக்க ஆரம்பித்தேன். மேற்கு அறை, மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு, ஐந்தாவது கட்டு என்றால் மே/3/2/5. ரேக்குகளில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினேன். வாசலில் நின்று விலாசத்தைப் படித்துக்கொண்டே நடந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் படத்தை எடுக்கலாம் என்று சங்கம் முழுக்கப் பெருமை பேசினேன். அந்தப் பேச்சுக்கெல்லாம் சேர்த்து ஒரு புரட்டாசி மாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எலி தின்ற கழுத்து

ஒரு காலை, பிள்ளையார்பாளையத்து நாகலிங்கம் அண்ணன் தோளில் கோணிப்பையோடு வந்து நின்றார். பதினெட்டு வருஷமாக முகூர்த்தப் புடவை மட்டுமே நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பையைத் தரையில் கவிழ்த்தார். கொட்டியது அத்தனையும் அட்டைத் தூள். இரட்டை அன்னக் கரையின் சரத்தில் நடுவிலிருந்த அறுபது அட்டைகளை எலி தின்றுவிட்டது. அன்னத்தின் கழுத்தும் தலையும் வருகிற இடம் அது.

புடவை பாதி நெய்தபடி தறியில் நிற்கிறது. தாமலில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கான கூறைப்புடவை. ஐப்பசியில் முதல் முகூர்த்தம். இருபது நாள் இருந்தது. மீதியை நெய்யவே எட்டு நாள் வேண்டும். முகூர்த்தத்தைத் தவறவிட்ட நெசவாளிக்கு எங்கள் சங்கத்தில் அப்புறம் முகூர்த்தப் புடவை கொடுப்பதில்லை. எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. "படத்தைக் கொடுத்தால் மாஸ்டர் நாளைக்கே குத்திவிடுவார், அண்ணே, கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுந்தேன். அவர் தூளைத் திரும்பப் பைக்குள் அள்ளிக்கொண்டே சொன்னார்:

"வூட்டுல மூணு சரம் தொங்குதும்மா. மத்த ரெண்டையும் மோந்து கூடப் பாக்கல. எலிக்கே தெரிஞ்சிருக்குது எது முகூர்த்தப் புடவைன்னு."

இடது கைப் பக்கம்

பதிவேட்டைப் புரட்டினேன். இரட்டை அன்னம் என் விலாசங்களில் இல்லை. நான் இன்னும் பாதி அறையைத்தான் முடித்திருந்தேன். மீதிக்கு, எனக்கு முன்பு இருந்த கண்ணப்பப் பெரியவரின் நோட்டுதான் கதி. அவர் ஓய்வு பெற்று, வடக்கே மகன் வீட்டோடு போய்விட்டார். நோட்டில் தெளிவாக எழுதியிருந்தது: "இரட்டை அன்னம். இடது கைப் பக்கம், மூன்றாவது, மேல் தட்டு." யாருடைய இடது கை? அவருடையதுதான். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நோட்டு முழுக்கவே இடது கையும் வலது கையும் முதுகுப் பக்கமுமாக இருந்தது. ஒரு மனிதர் முப்பது வருஷம் தன் நாற்காலியிலிருந்தே உலகத்தை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. அதிலும் "இடது கைப் பக்கம்தான் அம்மா" என்றே இருந்தது.

சரி, அவர் உட்கார்ந்த இடம் தெரிந்தால் போதும் என்று பியூன் முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். நாற்காலியைத் தூக்கிக் கிழக்குச் சன்னலோரம் போட்டார். நான் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன். அங்கே சுவர். வாசல் பக்கம் போட்டார். நீட்டினேன். தண்ணீர்க் குடம். ஃபேனுக்கு அடியில் போட்டார். அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் உள்ளே வந்து, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, பெரியவர் எங்கேதான் உட்காருவார்?" என்றேன். முனுசாமி அண்ணன் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே எடத்துல ஒக்காந்தாருன்னா காட்டிடலாம்மா. அவரு வெயில் எங்க வருதோ அதுக்கேத்த மாதிரி நாள் பூரா நகந்துக்கினே இருப்பாரு."

கோபித்துக்கொண்ட அன்னங்கள்

இரண்டாம் நாள், நாற்காலி ஆறாவது இடத்துக்கு வந்தபோது, நீட்டிய கைக்கு நேரே மூன்றாவது ரேக் இருந்தது. மேல் தட்டில் ஒரு கட்டு. மேலே "அன்னம்" என்று எழுதியிருந்தது. பிரித்தேன். இரண்டு அன்னம். அவ்வளவுதான், ஓடினேன் மாஸ்டரிடம். கோவிந்தராஜ் மாஸ்டர் அட்டை குத்துவதில் கெட்டிக்காரர், ஆனால் கையில் அட்டைத்தாள் இல்லை, சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார். ஒரு வாரமா? "உள் அறையில் 'இதர' என்று ஒரு கட்டு இருக்கிறது. உதவாத சாமான்கள்தான். பழைய அட்டை ஏதாவது இருந்தால் அதில் எடுத்துக்கொள்ளுங்கள், மாஸ்டர்" என்று பெரிய மனசோடு சொன்னேன். மூன்று நாளில் அறுபது அட்டைகளும் குத்தி, கோத்து, பிள்ளையார்பாளையம் போய்விட்டன.

அதற்கு மறுநாள் நாகலிங்கம் அண்ணனின் மனைவி கனகம் வந்தார். கரையைத் தனி நாடாவில் ஓட்டி உடலோடு கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், பதினெட்டு வருஷமாக. "ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டு வந்துடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். போனேன். தறியைப் பார்த்தேன். அதுவரை நெய்த பாதிப் புடவையிலும் அன்னங்கள் இரண்டும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு வந்தன. புதிதாக நெய்த நாலு விரல் அகலத்தில் உடம்பு அப்படியே இருக்க, தலைகள் மட்டும் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தன. எங்கள் அறையில் அன்னம் என்ற பெயரில் நாலு படம் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தாலி கட்டுகிற புடவையில் ஜோடி அன்னம் ஒன்றையொன்று பார்க்காமல் திரும்பிக்கொண்டால் எந்தப் பெண்ணைப் பெற்றவள் வாங்குவாள்? நாகலிங்கம் அண்ணன் குறுக்கே ஓடும் ஊடை இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது அட்டைகளையும் கழற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். கனகம் கரையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இவ்ளோ நாள் ரெண்டும் பேசிக்கினு வந்துச்சும்மா. நேத்திலருந்து கோவிச்சிக்கினு திரும்பிக்கிச்சு."

என் கையெழுத்து

பதின்மூன்று நாள் பாக்கி. மறுபடி கண்ணப்பப் பெரியவரின் நோட்டு. இந்தத் தடவை முனுசாமி அண்ணன்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. "மழைக்காலத்துல எழுதினதும்மா இது. அப்ப அவரு ஒழுகாத மூலையிலதான் ஒக்காருவாரு" என்றார். ஒழுகாத மூலையில் நாற்காலியைப் போட்டோம். இடது கை, மூன்றாவது ரேக், மேல் தட்டு. சரியான இடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டு இல்லை. ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: "வெள்ளையடிக்க எடுத்தது. கி/2/4 பார்க்க."

கிழக்கு அறைக்குப் போனேன். இரண்டாவது ரேக், நாலாவது தட்டு. அங்கேயும் சீட்டு: "இடம் போதவில்லை. மே/3/1 பார்க்க." மேற்கு அறைக்கு வந்தேன். மூன்றாவது ரேக், முதல் தட்டு. சீட்டு: "கி/2/4 பார்க்க." திரும்பவும் கிழக்கு அறைக்குப் போனேன். ஏதோ நினைவில் மூன்றாவது சுற்றும் கிளம்பியபோதுதான் கையிலிருந்த சீட்டை உற்றுப் பார்த்தேன். உருட்டி உருட்டி எழுதிய என் கையெழுத்து. ஆடி மாதம் வெள்ளையடித்தபோது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவசர அவசரமாக நானே எழுதி வைத்தவை. சாய்கோடுகூட ஒழுங்காகப் போட்டிருந்தேன். நடு வாசலில் நின்று இரண்டு அறைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். முனுசாமி அண்ணன் கூஜாவை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க இருக்கிற சீட்டு அங்க போவச் சொல்லுது, அங்க இருக்கிறது இங்க வரச் சொல்லுது. எழுதினதும் நீங்க, நடக்கிறதும் நீங்க. நான் போயி டீ வாங்கியாறட்டுமாம்மா?"

சாமி வைத்த சாமான்

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளையடித்து முடித்து எல்லாவற்றையும் திருப்பி வைத்தபோது, இடம் தெரியாத சாமான்களை ஒன்றாகக் கட்டி, "இதர" என்று எழுதி உள் அறையில் போட்டோம். இரட்டை அன்னம் அதில்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலையில் முதல் வேலை அதுதான் என்று கிளம்பினேன்.

காலையில் ஆயுத பூஜை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. என் பஸ் வருவதற்குள் செயலாளரும் முனுசாமி அண்ணனும் அறையை அலம்பி, கோலம் போட்டு, பூஜையையும் முடித்துவிட்டார்கள். நுழைந்ததும் திகைத்துப்போனேன். ரேக்குகளில் நான் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய ஒவ்வோர் எண்ணின் மேலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். எந்த ரேக் எது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். சுவாமி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து தறி நாடா, கத்தரிக்கோல், மாஸ்டரின் குத்தூசி, என் பதிவேடு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். துணிக்கு அடியில் பீடமாக இருந்தது 'இதர' கட்டு. தட்டையாக, வாகாக இருந்ததாம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிற வரை யாரும் தொடக் கூடாது. "பன்னிரண்டு நாள்தான் சார் இருக்கிறது" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். செயலாளர் எனக்குப் பொரியும் கடலையும் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, கல்யாண வூட்டுக்காரங்களும் சாமி கும்பிடுறவங்கதானே? நாளைக்குக் காத்தால சாமியே எடுத்துக் குடுக்கும், போ."

பழுப்புத் தாள்

மறுநாள் கற்பூரம் அணைவதற்கு முன்பே கட்டைப் பிரித்துவிட்டேன். உடைந்த ஸ்கேல்கள், கரையான் அரித்த காலண்டர், ஒரு சைக்கிள் மணி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணி உறை. கண்ணப்பப் பெரியவரின் எழுத்தில் "இரட்டை அன்னம், நாலு பலகை" என்று இருந்தது. உறைக்குள் கையை விட்டேன். ஒன்றுமில்லை. தலைகீழாக உதறினேன். ஓர் அந்துப்பூச்சி விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெயர் சரி, இடம் சரி, உறை சரி, உள்ளே காலி. இப்படியும் நடக்குமா என்று வாய்விட்டே கேட்டேன்.

குத்தூசியை எடுத்துக்கொண்டு போக வந்திருந்த கோவிந்தராஜ் மாஸ்டர் வாசலில் நின்று அந்த உறையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. பழைய படங்களைத் தடித்த அட்டையில் ஒட்டி, தூசு படாமலிருக்க மேலே பழுப்புத் தாளையும் ஒட்டிவிடுவது பெரியவரின் வழக்கம் என்பது எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு பக்கமும் பழுப்புத் தாள் ஒட்டி, புதுசு மாதிரி நாலு அட்டை இருந்துச்சும்மா. நல்ல கெட்டி. நீங்கதானே எடுத்துக்கச் சொன்னீங்க?"

அறுபது துண்டு

பிள்ளையார்பாளையத்துக்கு நாலு பேரும் ஓடினோம். நான், மாஸ்டர், செயலாளர், முனுசாமி அண்ணன். தண்ணீர்ப் பானைப் பக்கம் சாய்த்து வைத்திருந்த அந்த அறுபது அட்டைகளும் அங்கேயே இருந்தன. ஈரத்தில் ஓரம் கிளம்பியிருந்த பழுப்புத் தாளை மெதுவாக உரித்தேன். சிவப்பும் நீலமுமாகக் கட்டங்கள் தெரிந்தன. அறுபதையும் உரித்துத் தரையில் வரிசையாகச் சேர்த்து அடுக்கினோம். எதிரெதிரே பார்த்துக்கொண்டு இரட்டை அன்னம் தரையில் கிடந்தது. அதன் உடம்பெல்லாம், திரும்பிப் பார்க்கும் அன்னத்துக்காக மாஸ்டர் குத்திய துளைகள். கழுத்தும் தலையும் கட்டத்தைப் படிக்க முடியாதபடி சல்லடையாக இருந்தன. எந்தப் படத்தைத் தேடி ஒன்பது நாள் அலைந்தேனோ அதை நானே வெட்டச் சொல்லி, நானே இந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாகலிங்கம் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "தாமலுக்குப் போயி பொண்ணோட அப்பாகிட்ட நானே சொல்லிட்டு வந்துடறேன். வேற எடத்துல பாத்துக்கட்டும்" என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் முதல் முறையாகச் சொல்லப் போகும் சொல் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கனகம் அதைக் காதில் வாங்கவில்லை. தறிக்குழியில் இறங்கி, சுருட்டியிருந்த புடவையைத் தளர்த்தி, நெய்து முடித்த பாதியை வெளிச்சத்துக்கு இழுத்தார். ஓர் ஊசியை எடுத்து அன்னத்தின் கழுத்தில் வைத்தார். "மாஸ்டர், எழுதிக்குங்க. ரெண்டு தூக்கு, அஞ்சு விடு, ஒண்ணு தூக்கு, நாலு விடு" என்று இழை இழையாக எண்ண ஆரம்பித்தார். மாஸ்டர் பென்சிலைத் தேடினார். நாகலிங்கம் அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டபடியே நின்று, "படம்தான் ஆபீஸ்ல இருக்குதேன்னு இருந்துட்டேன்" என்று முணுமுணுத்தார். "நீங்கள் ஏன் அம்மா முதல் நாளே சொல்லவில்லை?" என்று கடைசியில் நான் கேட்டேன். கனகம் ஊசியை எடுக்காமலே, எண்ணிக்கை தவறாமலே சொன்னார்:

"அது எங்க இருக்குது, எங்க இருக்குதுன்னே எல்லாரும் கேட்டுக்கினு இருந்தீங்க. அது எப்படி இருக்குதுன்னு யாரும் என்னைக் கேக்கலியேம்மா."

எண்ணி முடிக்க இரண்டு நாள், அதற்குள் வந்து இறங்கியிருந்த புது அட்டைத்தாளில் குத்த ஒரு நாள். புடவை முகூர்த்தத்துக்கு முதல் நாள் தாமலுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்னங்கள் முந்தானை வரைக்கும் பேசிக்கொண்டே போயின. நாகலிங்கம் அண்ணன் அடுத்த முகூர்த்தப் புடவைக்கான பாவு நூலையும் எங்கள் சங்கத்திலேயே வாங்கிக்கொண்டார். நான் சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, இரட்டை அன்னத்துக்கு நேரே சாய்கோடும் எண்ணும் இல்லாமல் "கனகம், நாகலிங்கம் அண்ணன் வீடு" என்று எழுதினேன்.

அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய அத்தனை விலாசங்களிலும், போய்க் கேட்டபோதெல்லாம் கேட்டது கிடைத்த விலாசம் அது ஒன்றுதான்.